சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஹாலில் நிற்கிறேன். சுவர் எனக்குப் பின்னால் இருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது, எங்கேயும் எழுந்து போய்விடாது, ஆனாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டால் தேவலை போல இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். அதற்கு முன்னாலும் பார்த்தேன். "செவுரு ஓடிப் போயிருச்சா அம்மணி?" என்கிறார் இவர். எனக்குப் பக்கவாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையை என் இடுப்புக்குப் பின்னாலும் இன்னொரு கையைத் தோள்பட்டைக்குப் பின்னாலும் தயாராக வைத்திருக்கிறார். மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் நிற்கும்போது கூட இத்தனை கவனமாக இருந்திருப்பாரா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது. நானும்தான் ஆக்கினேன். ஆக்கி, தாளித்து, இவர் தட்டில் போட்டுவிட்டு, நான் மட்டும் ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டேன், வயிறு நிறைந்திருந்தால் வளையக் கூடாது என்பதால். அந்தத் தியாகத்தை இந்த வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. கையைத் தூக்கியே வைத்திருப்பதில் விரல் நுனியெல்லாம் குறுகுறுக்கிறது. நாளைக் காலையில் பிரேயர் முடிந்ததும் எச்.எம். கூப்பிடுவார். என்ன ரேணுகா டீச்சர், முடிவு பண்ணியாச்சா என்பார். முடிவு என்னவென்றால், எங்கள் பெண்கள் பள்ளியில் இனி ஜிம்னாஸ்டிக்ஸ் உண்டா, இல்லை அந்த நீல மெத்தைகளைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிடலாமா என்பது. ஏழாம் வகுப்பு மௌனிகா வீட்டில் பின்பக்கமாக வளைந்து பழகும்போது விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதிலிருந்து எச்.எம்.முக்குத் தூக்கமில்லை. எனக்கும் இல்லை. ஆனால் நான் ரோஷக்காரி. ஒரு வாரம் கொடுங்கள் மேடம், நானே கற்றுக்கொள்கிறேன், வீட்டிலேயே, பத்திரமாக, என் உடம்பு செய்யாத ஒன்றை இனி எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது கம்பீரமாகத்தான் இருந்தது. ஸ்டாப் ரூமுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், எனக்கு நாற்பத்திரண்டு வயசு என்பதும், நான் கணக்கு டீச்சர் என்பதும் நினைவுக்கு வந்தது. கணக்கு டீச்சர்கள் பி.டி. பீரியடைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நாடே சொல்லும். எங்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் மாற்றலாகிப் போய், வேறு ஆளும் வராமல், அந்த பீரியடே வந்து என் தலையில் உட்கார்ந்துகொண்டது.

நின்றபடியே கையைத் தூக்கி, பின்னால் சாய்ந்து சாய்ந்து, உள்ளங்கை இரண்டும் தரையில் ஊன்றும்வரை போக வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் அதைச் செய்யும்போது தண்ணீர் ஊற்றுவது மாதிரி இருக்கும். நான் திங்கட்கிழமை முதல் நாள் செய்ய முயன்றபோது இவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, "இரு இரு, பேன ஆப் பண்றேன்" என்றார், நான் ஏதோ பேனில் மாட்டிக்கொள்வேன் என்கிற மாதிரி. அப்புறம் அவரே ஒரு வழி வைத்தார். "கம்பத்துல ஏறக் கத்துக் குடுக்கறப்ப எங்களுக்கு மொதல்ல எறங்கத்தான் கத்துக் குடுத்தாங்க. நீ மொதல்ல கீழ வர்றது எப்படின்னு பழகு, அப்புறம் மேல போலாம்." அதனால் படுத்துக்கொண்டு தொடங்கினேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, உள்ளங்கைகளைக் காதுக்குப் பக்கத்தில் விரல்கள் தோளைப் பார்க்கும்படி வைத்து, தரையைத் தள்ளி எழும்புவது. எழும்பியதும் உடனே இறங்குவது. முகவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து, முழங்கையை மடக்கி, முதலில் தோள், அப்புறம் முதுகு, அப்புறம் இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தரையில் வைப்பது. தலை மட்டும் முதலில் தரைக்கு வரவே கூடாது. இந்த வாரம் முழுக்க அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஒன்று, குக்கர் சத்தம் போடுவதற்குள் ஒன்று என்று இறங்கிப் பழகியிருக்கிறேன். முதலில் இலவம்பஞ்சு மெத்தையில் செய்தேன், கை உள்ளே புதைந்து மணிக்கட்டு கோணிக்கொண்டது. அப்புறம் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டேன், அது டைல்ஸில் என்னையும் சேர்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கடைசியில் இவர் மோட்டார் ரூமில் ஸ்விட்ச்போர்டுக்குக் கீழே கிடந்த கனமான ரப்பர் பாயைக் கழுவிக் காயவைத்து எடுத்து வந்தார். ஒரு இம்மிகூட நகராது. அந்தப் பாயின் மேல்தான் இப்போது நிற்கிறேன், பாதம் கொஞ்சம் குளிர்கிறது, எனக்கும் சுவருக்கும் நடுவில் மெத்தை சுவரோரமாக மடித்துக் கிடக்கிறது. இன்றைக்குச் சுவர். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் சாய்ந்து கையைச் சுவரில் வைத்து, பல்லி இறங்குவது மாதிரி ஒவ்வொரு கையாகக் கீழே கொண்டு போக வேண்டும்.

"ம், போலாமா?" என்கிறார். போகலாம். மூச்சை உள்ளே இழுத்து நெஞ்சைத் தூக்குகிறேன். இடுப்பிலிருந்து மடங்கக் கூடாது, நெஞ்சும் தோளும் திறக்க வேண்டும், அதுதான் முக்கியம், இடுப்பை மட்டும் ஒடித்தால் நாளைக்கு நான் கரும்பலகையில் குனிந்து எழுத முடியாது. தலை பின்னால் போகிறது, உத்திரம் தெரிகிறது, பேனின் மேல் படிந்திருக்கும் தூசி தெரிகிறது, பொங்கலுக்குத் துடைத்ததுதானே, அதற்குள் இவ்வளவா. எனக்குப் பின்னால் இருப்பது எதையும் நான் நம்புவதில்லை. கேஸை மூடிவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்து, பஸ் ஸ்டாப் வரை போய், மறுபடி வந்து பார்ப்பவள் நான். பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பவள். வகுப்பில் போர்டு பக்கம் திரும்பி எழுதும்போது முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது என் தோலுக்கே தெரியும். பையன் பிறந்தபோது என் அம்மா வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, குனியாத சாமி, நிமிராத சாமி, திரும்பிப் படுக்காத சாமி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குனியவும் கூடாது நிமிரவும் கூடாது என்றால் அப்புறம் ஒரு மனுஷி என்னதான் செய்வது? கட்டை மாதிரி கிடந்தேன். பையன் வளர்ந்து ஹாஸ்டலுக்கே போய்விட்டான். அந்தக் கட்டு மட்டும் என் இடுப்பில் இன்னமும் இருக்கிற மாதிரி நான்தான் நடந்துகொண்டிருக்கிறேன். யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. அவிழ்க்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. விரல் நுனி சுவரைத் தொட்டுவிட்டது. தொட்டதும் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி, ஆமாம், சுவர் அங்கேதான் இருக்கிறது.

வலது கை ஒரு சாண் கீழே. இடது கை ஒரு சாண் கீழே. "பைய, பைய, அவசரமில்ல." தலை கீழாகத் தொங்கத் தொங்க காதுக்குள் ரத்தம் சத்தம் போடுகிறது. பயமா இது? பயம்தான். பயம் வயிற்றில் இருக்கும் என்பார்கள், எனக்கு அது மணிக்கட்டில் இருக்கிறது, மௌனிகாவுக்கு உடைந்த அதே இடத்தில். அவள் எப்படி விழுந்தாள்? அதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கணக்கில் ஒரு வரி இடிக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் எட்டுப் பிள்ளைகளில் அவள்தான் நிதானம். மற்றவர்கள் என்னைப் பாருங்க டீச்சர், என்னைப் பாருங்க டீச்சர் என்று குதிப்பார்கள், இவள் பேர் வைத்ததற்கு ஏற்ற மாதிரி வாயைத் திறக்காமல் ஓரமாய் நின்று, மூச்சை இழுத்து, வளைந்து, ஊன்றி, எழுந்து வந்துவிடுவாள். ஒருநாள் கூட அவள் கை இடறி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அத்தனை சுலபமாகச் செய்தவள் வீட்டில், சொந்த வீட்டு ஹாலில், அம்மா பக்கத்திலேயே இருக்கும்போது எப்படி விழுவாள்? வேகமாகச் செய்தாளா? அவள் வேகமாக எதுவுமே செய்ய மாட்டாளே, வகுத்தல் கணக்கையே மெதுவாகத்தான் போடுவாள். தரையில் ஈரமா? இல்லை என்றாள். அன்றைக்கு மாரியம்மன் பண்டிகை, உள்ளூர் விடுமுறை, வெள்ளிக்கிழமை. தகவல் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தலையணை உறையெல்லாம் பிசுபிசுவென்று எண்ணெய்க் கறை. நான் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல். அவள் அம்மா துளசிமணி, தறி ஓட்டுகிறவர், மெலிந்த கை, என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எப்படி ஆச்சுன்னே தெரியலீங் டீச்சர், வளைஞ்சா, அப்படியே போய்ட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் அந்தப் பிள்ளையின் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படியே போய்ட்டா. அப்படியே எப்படிப் போவாள்? வலது கை இன்னொரு சாண். அப்படியே என்றால் எப்படி? இடது கை...

போய்விட்டது. இடது கை சுவரிலேயே இல்லை. சர்ரென்று கீழே, தோள் திடுக்கென்று இறங்கி, ஐயோ என்று நான் கத்துவதற்குள் இவர் இரண்டு கையும் என் முதுகுக்குக் கீழே வந்துவிட்டது. தாங்கி, தள்ளி, அப்படியே நிமிர்த்தி நிற்க வைத்துவிட்டார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நாந்தான் இருக்கறனல்ல." கழுத்து சரியாக இருக்கிறதா, இருக்கிறது, மணிக்கட்டு, இருக்கிறது, சுழற்றிப் பார்க்கிறேன், வலியில்லை. அழுகை வருகிற மாதிரி இருக்கிறது, கோபமும் வருகிறது, யார் மேல் என்று தெரியாமல் இவர் மேல் வருகிறது. "நீங்க ஏனுங் பேச்சுக் குடுத்தீங்க?" என்கிறேன். பாவம், பைய பைய என்றதைத் தவிர அவர் எதுவும் பேசவே இல்லை. திரும்பிச் சுவரைப் பார்க்கிறேன். வெள்ளைச் சுவரில் என் இடது உள்ளங்கை பதிந்து, அங்கிருந்து கீழே நீளமாக ஒரு இழுப்பு, வெயில் படும்போது பளபளக்கிறது. விரலால் தொட்டு மூக்கில் வைக்கிறேன். நல்லெண்ணெய். சாப்பாடு முடிந்ததும் இவர்தான் கரண்டியில் காய்ச்சி, முதுகில், தோளில், மணிக்கட்டில், உள்ளங்கையில் என்று சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். உடம்பு இளகினால்தானே வளையும் என்றார். நானும் ஆமாம் என்று முதுகைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் எதற்கும் எண்ணெய்தான். சுளுக்கா, எண்ணெய். சூடா, எண்ணெய். பிள்ளை அழுகிறதா, தொப்புளில் ஒரு சொட்டு எண்ணெய். வளைய வேண்டுமா, அப்புறம் எண்ணெய் இல்லாமல் எப்படி? ஒரு வாரமாக மெத்தையை மாற்றி, பாயை மாற்றி, சோற்றையே விட்டுவிட்டு, இத்தனை ஜாக்கிரதையாக இருந்த நாங்கள் இரண்டு பேரும், கையில் எண்ணெயைப் பூசிக்கொண்டு சுவரைப் பிடிக்கப் போயிருக்கிறோம். "துணியில தொடச்சுத்தான வுட்டேன்" என்கிறார் இவர், குற்றவாளி மாதிரி. துடைத்தால் போகிற சாமானா அது?

அப்புறம்தான் அது வந்தது. ஒரே நேரத்தில் வரவில்லை, முதலில் தலையணை உறை வந்தது, பிசுபிசுவென்று, அப்புறம் வெள்ளிக்கிழமை, அப்புறம் விடுமுறை, அப்புறம் துளசிமணி முந்தானையால் அந்த உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டே இருந்தது. கட்டு கையில்தானே, காலை ஏன் துடைத்தார்? எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமையும் விடுமுறையும் ஒன்றாக வந்தால் பெண் பிள்ளை இருக்கிற எந்த வீட்டில் எண்ணெய் வைக்காமல் விடுவார்கள்? தலையில் வைத்து, கை காலெல்லாம் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று விட்டிருப்பார். ஊறுகிற நேரத்தில் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்குமா? நன்றாக இளகியிருக்கிறது, வளைந்து பார்க்கலாம் என்று நினைத்திருக்கும். வளைந்திருக்கும். அப்படியே போயிருக்கும். "ஏனுங், அவ விழல," என்கிறேன் இவரிடம். "யாரு?" "மௌனிகா. அவ விழவே இல்லீங். வழுக்கிட்டா." அவருக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்கு ஒரு சிரிப்பு வருகிறது, அடக்க முடியாத சிரிப்பு. கணக்கு விடை வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முதுகில் கோளாறில்லை, வித்தையில் கோளாறில்லை, என் பாடத்தில் இல்லாத ஒரே ஒரு வரி, கையையும் காலையும் கழுவிவிட்டு வா என்பது, அதை நான் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நாளைக்கு எச்.எம். முன்னால் நிமிர்ந்து நின்று சொல்லலாம். மெத்தையைப் பூட்ட வேண்டியதில்லை மேடம், எண்ணெய்ப் புட்டியைப் பூட்டினால் போதும். அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்றுகூடப் பார்த்துவிட்டேன். அங்கேயே சிரிப்பு நின்றுவிட்டது. எண்ணெய் யார் தேய்த்தது? எச்.எம். அதைத்தான் முதலில் கேட்பார். அப்ப அந்தம்மா தப்புத்தானே டீச்சர் என்பார், நல்லவேளை ஸ்கூல் மேல பழி இல்லை என்பார், சாயங்காலத்துக்குள் அது ஸ்டாப் ரூமுக்கு வரும், மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்கும் அம்மாக்களிடம் போகும், அதற்கடுத்த நாள் தறிக் கொட்டகைக்குப் போய்விடும். பெற்றவளே பிள்ளை கையை உடைத்தாள். இப்படித்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியாதா இந்த ஊரை. பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று சூடு பார்த்துத் தேய்த்த கை அது. எனக்குத் தேய்த்த கை மாதிரியே.

"நீ போய்க் கையக் கழுவிட்டு வா. இன்னொருக்கா பாக்கலாம்" என்கிறார். இன்னொருக்காவா என்று என் முழங்கால் கேட்கிறது. நானே அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு பாத்ரூமுக்குப் போகிறேன். எண்ணெய் போக்குகிற அரப்புத் தூளைக் கையில் போட்டு, முழங்கைவரை, விரலிடுக்குவரை, அப்புறம் பாதம், குதிகால், அப்புறம் சோப்பு, அப்புறம் மறுபடி சோப்பு. காய்ந்த துண்டால் துடைக்கத் துடைக்க உள்ளங்கை சரசரவென்று ஒரு சத்தம் கொடுக்கிறது, அது பிடித்திருக்கிறது. நான் துளசிமணியிடம் சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன? எச்.எம்.மிடமும் சொல்ல வேண்டாம். நான் வளைந்துவிட்டேன் மேடம், பத்திரமாகச் செய்ய முடியும் மேடம், இனி பள்ளிக்கூடத்தில் மட்டும்தான், கை காலைக் கழுவித்தான் என்று மட்டும் சொல்லலாம். அது பொய்யில்லை. ஆனால் மௌனிகா? அவள் தன் உடம்பையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே. கட்டைப் பிரித்த பிறகும், எனக்கு ஏன் அப்படி ஆச்சு, எப்ப வேண்டுமானாலும் அப்படியே போய்விடுவேனோ என்று நினைத்துக்கொண்டே இருப்பாளே. ஒருத்தி இடுப்பில் இல்லாத கட்டைச் சுமந்துகொண்டு எத்தனை வருஷம் நடப்பாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் காப்பாற்றினால் பிள்ளை மாட்டிக்கொள்கிறாள், பிள்ளையை விடுவித்தால் அம்மா. இதற்கு எந்தப் பக்கம் வகுத்தாலும் மீதி நிற்கிறது. ஹாலுக்கு வந்தால் இவர் சோப்புத் தண்ணீரும் காய்ந்த துணியுமாக முட்டி போட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அப்புறம் ரப்பர் பாயை, அப்புறம் தன் கையை. சத்தமில்லாமல், யாரோ அதிகாரி வந்து பார்க்கப் போகிற மாதிரி. இந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரிடம் இதைச் சொன்னதில்லை.

மறுபடியும் கையைத் தூக்குகிறேன். இந்தமுறை சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தேன் என்று கவனித்ததே அப்புறம்தான். மூச்சு உள்ளே, நெஞ்சு மேலே, உத்திரம், பேன், தூசி, இருந்துவிட்டுப் போகட்டும். விரல் நுனி, உள்ளங்கை. பிடிக்கிறது. சுவரின் சுண்ணாம்புச் சொரசொரப்பு ஒவ்வொரு ரேகையிலும் தெரிகிறது. வலது, இடது, வலது. "மூச்ச அடக்காத, வுடு" என்கிறார், விடுகிறேன். நெற்றிக்குள் வெயில் அடிக்கிற மாதிரி ஒரு சூடு. காலெண்டர் தலைகீழாக வருகிறது, ஞாயிற்றுக்கிழமை தலைகீழாக, சுவரோரம் எறும்புச் சாரை, அது இத்தனை நாளும் இங்கேதான் போய்க்கொண்டிருந்ததா, வலது, இடது. தோள் எரிகிறது, எரிச்சல்தான், குத்தல் இல்லை, குத்தினால் உடனே நிறுத்த வேண்டும், எரிந்தால் பொறுக்கலாம். எனக்குப் பின்னால் இருந்ததெல்லாம் இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் பயப்பட ஒன்றுமே இல்லை. ஒரு காலெண்டர், ஒரு சாரை எறும்பு, சோபாவுக்கு அடியில் எப்போதோ தொலைந்த சீப்பு. மடித்த மெத்தையின் ஓரம், அதற்கும் கீழே ரப்பர் பாய், அதில் என் வலது கை. இடது கை. ஊன்றிவிட்டேன். நான் ஊன்றிவிட்டேன்! ரேணுகாதேவி, எம்.எஸ்ஸி., பி.எட்., ஹாலில் பாலமாக நிற்கிறாள். "ஏனுங், நிக்கறனா?" "நிக்கறயே!" "கைய எடுத்துப் பாருங்" என்கிறேன். அவர் எடுக்கவில்லை. "நான் எடுக்க மாட்டேன், நீ நில்லு" என்கிறார். அதுவும் சரிதான், கை இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது, இருக்கட்டும், ஒருத்தர் கை கீழே இருக்கும்போது வளைவதில் என்ன கேவலம். முகவாய் நெஞ்சுக்கு. முழங்கை மடங்குகிறது. தோள், முதுகு, இடுப்பு. தரை. மல்லாந்து படுத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறேன், கண்ணோரம் இரண்டு பக்கமும் தண்ணீர் காதுக்குள் இறங்குகிறது. இவர் பயந்துவிட்டார். "வலிக்குதா?" "இல்லீங்." "அப்புறம் என்னத்துக்கு?" "சந்தோசமா இருக்குதுங்."

படுத்தபடியே போனை எடுக்கச் சொல்கிறேன். எழுந்து உட்கார்ந்து யோசித்தால் டீச்சர் ஆகிவிடுவேன், மேலே இருந்து பேசுவேன், அதனால் படுத்தபடியே. மணி அடிக்கிறது. தறிச் சத்தம் இல்லை, ஞாயிறு. "சொல்லுங் டீச்சர்" என்கிறது துளசிமணியின் குரல், கேட்கும்போதே எதற்கோ தயாராகிவிட்ட குரல். என்ன சொல்ல? வாய் திறந்தால் வந்துவிட்டது. "ஏங்க, நான் இன்னிக்கு வளையப் பாத்தனுங்க. வழுக்கிருச்சு. எங்க வீட்டுக்காரரு மட்டும் புடிக்கலீன்னா எனக்கும் கை ஒடஞ்சிருக்கும்." "ஐயோ, ஏனுங், என்னாச்சுங்?" "வேற என்ன, நல்லா வளையட்டும்னு கையெல்லாம் எண்ணெயத் தேச்சுட்டு நின்னேன். இத்தன படிச்சு என்ன பிரயோசனம், ரெண்டு பேருக்கும் தோணவே இல்லீங்க." நான் எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்தால் கெட்டுவிடும். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன், இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நானுந்தானுங் தேச்சு வுட்டேன்." குரல் உடைந்துவிட்டது. "தலைக்கு வெச்சுட்டு, கைக்கும் காலுக்கும் நல்லா சூடா... அவதான் கேட்டா, அம்மா இன்னுங் கொஞ்சம்னு. நாந்தானுங் டீச்சர்." "எங்க வீட்லயும் அதேதாங்க" என்கிறேன். "அதேதான், துளசிமணி. அதே எண்ணெய், அதே நெனப்பு. இது ஒருத்தரு தப்பில்ல, சொல்லிக் குடுக்கறவளுக்கே தெரியாத தப்பு." அழுகிறார். அழுதுவிட்டு மூக்கை உறிஞ்சுகிறார். "அப்ப எம்புள்ளைக்கு ஒடம்புல ஒண்ணுமில்லீங்களா? எலும்பு வலுவில்லாத புள்ளைன்னு ஒறம்பரை சொந்தமெல்லாம் சொல்றாங்க டீச்சர். கட்டிக் குடுக்கறப்ப கேப்பாங்கன்னு இப்பவே பேசறாங்க." எனக்கு இது தெரியாது. நான் எச்.எம்.மைப் பற்றியும் மெத்தைகளைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமே இல்லீங்க. கையக் கழுவிட்டு வந்து நின்னதும் நானே வளைஞ்சுட்டனுங்க, எட்டுப் பேருல அவதான் கெட்டி. நான் எங்க வேணாலும் சொல்றேன்." "நீங்க எதுக்குச் சொல்லோணும்? நீங்க சொன்னா டீச்சரு தப்பிச்சுக்கப் பாக்கறாங்கம்பாங்க. நானே நாளைக்குக் காத்தால வந்து பெரிய டீச்சர்கிட்டச் சொல்றனுங். நாந்தான் தேச்சேன், வழுக்கிருச்சு, புள்ள தைரியமாத்தான் இருக்கறான்னு. ஊருக்கும் நானே சொல்லிப்போடறேன். யாரு என்ன பேசிக் கிழிச்சரப் போறாங்க." அந்த மெலிந்த கையை நினைத்துக்கொள்கிறேன். அது இப்போது போனைப் பிடித்துக்கொண்டு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. பின்னால் மௌனிகா ஏதோ கேட்பதும், வளைஞ்சுட்டாங்களாமா, நெசமாலுமா என்பதும் கேட்கிறது. இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் அவள் பேசி இப்போதுதான் கேட்கிறேன்.

"டீச்சர்," என்கிறார் துளசிமணி, வைக்கப் போகிறார் என்று நினைத்தபோது. "உங்களுக்கு வீட்டுக்காரரு கை குடுத்தாருன்னீங்களே. அங்க எட்டுப் புள்ளைகளுக்கு நீங்க ஒருத்தரு எப்படிங் புடிப்பீங்க? சனிக்கெழமை எனக்குத் தறி அரை நேரந்தான். கை எங்க வெச்சுப் புடிக்கோணும்னு காட்டிக் குடுத்தீங்கன்னா, நான் வந்து நிக்கறனுங்."

ஏதாவது சொல்லியாக வேண்டும். "வாங்க" என்கிறேன். "கையக் கழுவிட்டு வாங்க."

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து, ஆஸ்பத்திரியிலும் அதற்குப் பிறகும் நான் கேட்டிராத சிரிப்பு. "தொடச்சுட்டும் வர்றனுங் டீச்சர்."